வாடகை இல்லாத கல்வீடு: பதின்மூன்று ஆண்டுக் கணக்கு

2012ஆம் ஆண்டு ஏப்ரலில், அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்துப் பூங்கா ஒன்றுக்குள் இருக்கும் கல்வீட்டுக்கான ஒப்பந்தத்தில் நானும் என் மனைவியும் கையெழுத்திட்டோம். வீட்டுக்கு அப்போது வயது ஏறத்தாழ நூற்றுத் தொண்ணூறு. கடைசியாக அதில் ஆள் குடியிருந்து பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. வீடு அரசுக்குச் சொந்தம். இன்றும் அரசுக்கே சொந்தம். எங்கள் செலவிலும் எங்கள் உழைப்பிலும் அதைப் பழுதுபார்த்து, பழைமை கெடாமல் காத்துவந்தால், எங்கள் இருவரின் ஆயுள் முடியும்வரை வாடகை கொடுக்காமல் அதில் வாழலாம் என்பது ஒப்பந்தத்தின் சாரம். இந்த ஏற்பாட்டை இங்கே ‘ரெசிடென்ட் க்யூரேட்டர்’ திட்டம் என்கிறார்கள். வாடகையே இல்லாமல் அமெரிக்காவில் வீடு கிடைக்கிறதாமே, எப்படி என்று நண்பர்கள் வழியாக என்னிடம் கேட்பவர்களுக்கு ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட, நடந்ததை ஒருமுறை முழுதாக எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது.

இப்படி ஒரு திட்டம் தேவைப்பட்டதற்கான காரணம் எளிமையானது. ஆற்றுப் பள்ளத்தாக்குகளையும் காடுகளையும் பூங்காவுக்காக அரசு வாங்கியபோது, அந்த நிலங்களில் நின்ற பண்ணை வீடுகளும் மாவுமில் வீடுகளும் நிலத்தோடு சேர்ந்து அரசின் கைக்கு வந்தன. பூங்காத் துறைக்கு மரமும் பாதையும் பார்க்கப் பணம் உண்டு, நூற்றுக்கணக்கான ஆண்டுப் பழைய வீடுகளைப் பார்க்கப் பணம் இல்லை. ஆள் இல்லாத வீடு எவ்வளவு வேகமாகச் சாகும் என்பது ஊரில் பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். கூரையில் ஒரு தகரம் பெயர்ந்தால் ஏறிப் பார்க்க ஆள் இல்லை. இங்கே அதோடு கல்லெறிபவர்களும் தீவைப்பவர்களும் சேர்ந்துகொள்வார்கள். இதற்கு மாற்றாக மேரிலாந்து 1982இல் இந்தத் திட்டத்தைத் தொடங்கியது. மாசசூசெட்ஸ் 1994இலும் டெலவேர் 2004இலும், வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் மாவட்டம் 2014இலும் தத்தம் வழிகளில் இதைப் பின்பற்றின. எல்லா இடத்திலும் ஒரே விதி அல்ல. மேரிலாந்தில் ஆயுள்காலக் குடியிருப்பு. மாசசூசெட்ஸில் ஆண்டுக் கணக்கிட்ட நீண்ட குத்தகை. அங்கே கட்டடம் வீடாகத்தான் இருக்கவேண்டும் என்பதுகூட இல்லை. கிரேலாக் மலையுச்சியில் உள்ள பாஸ்கம் லாட்ஜ் என்ற பயணியர் விடுதி அப்படி நடத்தப்படுவதுதான். ஆகவே விண்ணப்பிக்க நினைப்பவர்கள் பொதுவான கட்டுரைகளை நம்பாமல், அந்தந்த இடத்தின் ஒப்பந்த நகலைக் கேட்டு வாங்கி முதலில் படிக்கவேண்டும். நாங்கள் ஒரு வழக்கறிஞருக்கு எழுநூறு டாலர் கொடுத்துப் படிக்கவைத்தோம். இந்த வீட்டுக்காகச் செலவழித்ததில் எனக்கு ஒருநாளும் வருத்தம் தராத பணம் அது.

பணத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்களுக்கு இந்த இடத்திலேயே விஷயம் முடிந்துவிடும். நாங்கள் சேர்ந்த காலத்தில், குறைந்தது ஒன்றரை லட்சம் டாலர் மதிப்புள்ள வேலையைச் செய்துமுடிப்பதாக உறுதி தரவேண்டியிருந்தது. எங்கள் ஒப்பந்தத்தில் அதற்கு ஏழு ஆண்டு கெடு. நம் கையால் செய்யும் வேலைக்கும் மணிக்கு இவ்வளவு என்று மதிப்புப் போட்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். எனினும் கழிவுநீர்த் தொட்டியையும் மின்கம்பியையும் உழைப்பால் மட்டும் வாங்கிவிட முடியாது. வீடு நம்முடையது இல்லை என்பதால் அதை அடமானம் வைக்க வழியில்லை, எந்த வங்கியும் அதன்பேரில் வீட்டுக் கடன் தராது. கையிருப்பும், என்னுடைய 401கே ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து எடுத்த கடனும், மனைவியின் சம்பளத்தில் மாதாமாதம் ஒதுக்கியதும்தான் எங்கள் முதலீடு. ஏழாவது ஆண்டு முடிவில் ரொக்கமாக வெளியே போனது 2,14,000 டாலர். அதில் கூரைக்கும் புகைபோக்கிக்கும் 43,000, கிணற்றுக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் 34,000, உளுத்துப்போன உத்தரங்களுக்கு 31,000, மின்சாரத்துக்கு 23,000. இந்த நான்கும் மட்டுமே 1,31,000 ஆகிறது. விருந்தாளி வந்து ‘அழகாக இருக்கிறதே’ என்று சொல்லக்கூடிய எதுவும் இந்த நான்கில் இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும்.

அப்போது பால்டிமோருக்கு வெளியே அடுக்ககம் ஒன்றில் மாதம் 1,900 டாலர் வாடகை கொடுத்துக்கொண்டிருந்தோம். கையெழுத்திட்ட பிறகும் பதினான்கு மாதங்கள் கல்வீட்டில் குடியேறும் நிலை இல்லாததால், அந்த வாடகையையும் கொடுத்துக்கொண்டே வேலையும் செய்தோம். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், நாங்கள் போட்ட பணம் வாடகை மிச்சத்தின் வழியாகத் திரும்பிவர ஒப்பந்த நாளிலிருந்து ஏறத்தாழ பத்தரை ஆண்டு பிடித்தது. இந்தக் கணக்கில் என் முதுகுவலியைச் சேர்க்கவில்லை. ஐந்தாறு ஆண்டுகளில் வேலை மாறி வேறு ஊர் போகக்கூடியவர்களுக்கு இது நேரடி நட்டம். போகும்போது போட்ட பணத்தில் ஒரு காசும் திரும்ப வராது. கிரீன் கார்டு கைக்கு வரும்வரை நாங்கள் விண்ணப்பிக்காமல் காத்திருந்ததும் அதனால்தான். ஹெச்1பி விசாவை நம்பி ஆயுள்கால ஒப்பந்தத்தில் இறங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது நாங்கள் சரியாகச் செய்த ஒரே காரியம், இரண்டாவது முறை பார்க்கப் போன நாள் நல்ல மழை நாளாக அமைந்தது. அமைந்தது என்றுதான் சொல்லவேண்டும், நாங்கள் திட்டமிடவில்லை. வெயில் நாளில் அந்த வீடு, இரண்டு மாடி, காட்டுக்கல் சுவர், அகன்ற ஜன்னல் திண்டு, எதிரே ஓடை என்று மனத்தைக் கொள்ளைகொள்ளும்படி இருந்தது. மழையில்தான் அது தன் நோயைக் காட்டியது. வடமேற்கு மூலையில் கூரை ஓரத்து மழைநீர்த் தகரம் அறுந்து தொங்க, கூரை நீர் முழுவதும் சுவரை ஒட்டி விழுந்துகொண்டிருந்தது. நிலவறைக்குள் இறங்கி டார்ச் அடித்தபோது அதே மூலையில் கல்லிடுக்குகளிலிருந்து தண்ணீர் கசிந்து, சுவரின் அடியில் உப்புப் பூத்து வெள்ளையாகப் படிந்திருந்தது. அதற்கு நேர் மேலே இருந்த உத்தரத்தின் முனையில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன்; பிடிவரை உள்ளே போனது. மற்ற முனைகளில் கால் அங்குலத்துக்கு மேல் இறங்கவில்லை. கெட்டுப்போயிருப்பது ஒரு மூலைதான், காரணமும் ஒன்றுதான் என்று அப்போதே தெரிந்துவிட்டது. அந்தத் தெளிவு இல்லாமல் இருந்திருந்தால் செலவு மதிப்பீட்டை எங்களால் எழுதியிருக்கவே முடியாது.

விண்ணப்பம் என்பது ஒரு படிவம் அல்ல, ஏறக்குறைய ஒரு சிறு புத்தகம். எந்த வேலையை எந்த ஆண்டில், எந்தப் பொருளைக்கொண்டு, யார் செய்வார்கள், பணம் எங்கிருந்து வரும் என்று அறை அறையாக எழுதவேண்டும். கை வேலைத் திறமைக்குச் சான்றாக, தாங்கள் முன்பு புதுப்பித்த வீடுகளின் படங்களை மற்றவர்கள் இணைத்தார்கள். எங்களிடம் அப்படி ஏதும் இல்லாததால், சமூகக் கல்லூரியில் ஆறு மாதம் தச்சு வகுப்பில் சேர்ந்து, நான் பழுதுபார்த்த பழைய ஜன்னல் சட்டம் ஒன்றைக் காரில் ஏற்றிக்கொண்டு நேர்காணலுக்குப் போனேன். அதைப் பார்த்துச் சிரித்தார்கள்; ஆனாலும் எடுத்துக் கையில் திருப்பிப் பார்த்தார்கள்.

வேலையின் வரிசையைப் பற்றி ஒன்றைச் சொல்லவேண்டும். பழைய வீட்டைக் கெடுப்பது வயது அல்ல, தண்ணீர். கூரை, தூம்பு (கூரை ஓரத்து மழைநீர்த் தகரம்), சுவரை விட்டு விலகிச் சரியும் தரை, அதன்பின் கல்லிடுக்குச் சாந்து, அதன்பின் உத்தரம், அதன்பின்தான் உள்ளே சுவர்ப் பூச்சும் சாயமும் என்ற வரிசையை மீறக்கூடாது. எங்களுக்கும் இது தெரியும். முதல் கோடையில் மடிப்புத் தகரக் கூரையைச் சரிசெய்தோம், தூம்புகளை மாற்றினோம், வடமேற்கு மூலையில் மண்ணை வெட்டிச் சரிவு கொடுத்தோம்; அடுத்த மழைக்கே நிலவறைக் கசிவு பாதிக்குமேல் நின்றுவிட்டது. அந்த வெற்றி தந்த துணிச்சலில்தான் அடுத்த தவறு நடந்தது.

அக்டோபர் கடைசி. புகைபோக்கியின் கூரைக்கு மேலே உள்ள பகுதி செங்கல்லால் ஆனது. கையால் அறுத்துச் சூளையில் சுட்ட, நகத்தால் கீறினால் தூள் வரும் மென்மையான பழைய செங்கல். அதன் சாந்து கழன்றுபோயிருந்தது. குளிர் வருவதற்குள் முடிக்கவேண்டும் என்ற அவசரத்தில், அக்கம்பக்கத்தில் விசாரித்துக் கிடைத்த கொத்தனார் ஒருவரை அழைத்தேன். அவர் கெட்டிக்காரர், வேகமானவர், பழைய கட்டடம் தனக்குப் பழக்கம் என்றும் சொன்னார். சாந்தின் மாதிரியை முன்கூட்டியே காட்டி ஒப்புதல் வாங்கவேண்டும் என்ற விதியை, இது சின்ன வேலைதானே என்று நான் தாண்டிக் குதித்தேன். இரண்டு நாளில் அவர் புகைபோக்கியை முடித்து, மிச்சமிருந்த கலவையில் வடக்குச் சுவரில் ஆறடி நீளத்துக்குக் கல்லிடுக்குகளையும் நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். அது சிமெண்டுக் கலவை.

இதில் எனக்கு ஏற்பட்ட வெட்கம் ஒரு மடங்கு அதிகம். மன்னார்குடியில் எங்கள் வீட்டுச் சுண்ணாம்புச் சுவருக்கு அப்பா 1990களில் சிமெண்டுப் பூச்சுப் பூசவைத்ததும், அதன் பிறகு ஓதம் வெளியேற வழியில்லாமல் உட்புறமாக இடுப்பளவுக்கு ஏறியதும், ஒவ்வோர் ஐப்பசியிலும் பூச்சு பொலபொலவென்று உதிர்ந்ததும் நான் பார்த்து வளர்ந்தவை. சுண்ணாம்புச் சாந்து செங்கல்லைவிட மென்மையானது, ஈரத்தை வெளியே விடக்கூடியது. சுவர் குளிருக்கும் வெயிலுக்கும் அசையும்போது சாந்து விட்டுக்கொடுக்கும், ஈரம் சாந்து வழியே வெளியேறும், காலப்போக்கில் கெடுவதும் சாந்துதான். அதைத் திரும்ப நிரப்பிக்கொள்ளலாம். சிமெண்டு செங்கல்லைவிடக் கடினம். அப்போது ஈரம் செங்கல்லின் வழியேதான் வெளியேறியாக வேண்டும், மேரிலாந்துக் குளிரில் அந்த ஈரம் உறைந்து விரியும்போது செங்கல்லின் முகம் தெறிக்கும். ஊரில் உறைபனி இல்லாததால் அழிவு மெதுவாக நடந்தது. இங்கே மூன்று குளிர்காலம் போதுமாக இருந்தது.

2015 மார்ச்சில் தூம்பைச் சுத்தம் செய்ய ஏணியில் ஏறியபோது, இலைக்குப்பைக்கு நடுவில் சிவப்புச் சில்லுகள் கைப்பிடி கைப்பிடியாகக் கிடந்தன. ஒவ்வொன்றும் பிஸ்கட் கனம், ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் புண்ணாக்குப் போலச் சொரசொரப்பு. நிமிர்ந்து பார்த்தால், செங்கற்கள் ஒரு விரற்கடை உள்வாங்கிப்போயிருக்க, சிமெண்டுச் சாந்து மட்டும் தேன்கூட்டின் அறைச்சுவர் போலத் துருத்திக்கொண்டு நின்றது. சாந்து கெட்டியாக இருந்தது. செங்கல்தான் போய்விட்டது. புகைபோக்கியை இரண்டு மீட்டர் உயரத்துக்குப் பிரித்து, அதே காலத்துப் பழைய செங்கல்லைத் தேடி வாங்கி, சுண்ணாம்பில் மீண்டும் கட்டினோம். பதினாறாயிரம் டாலர், ஒப்புதல் இல்லாமல் செய்த வேலையைத் திருத்தியது என்பதால் அதில் ஒரு டாலர்கூட ஒப்பந்தக் கணக்கில் ஏறவில்லை. அது நியாயம்தான்.

இரண்டாம் முறை பழைய சாந்தின் ஒரு துண்டை அமிலத்தில் கரைத்தோம். சுண்ணாம்பு நுரைத்துக் கரைய, அடியில் மணல் மட்டும் தங்கும். அந்த மணலின் நிறத்துக்கும் பருமனுக்கும் இணையாக மூன்று இடங்களில் மணல் எடுத்துவந்து சலித்து, மாதிரிப் பலகையில் பூசிக் காயவைத்து, பகல் வெளிச்சத்தில் பழையதோடு ஒப்பிட்டுத் தேர்ந்தோம். சுண்ணாம்புச் சாந்தை வைக்கும் முன் இடுக்கை நன்றாக நனைக்கவேண்டும். வைத்தபிறகு சாக்குப்படுதாவைத் தொங்கவிட்டு நாள்கணக்கில் ஈரமாக வைத்திருக்கவேண்டும். இரவு வெப்பநிலை ஐந்து டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகும் பருவத்தில் தொடவே கூடாது. ஆக, மேரிலாந்தில் ஏப்ரல் நடுவிலிருந்து செப்டம்பர் கடைசிவரைதான் சாந்துவேலைக் காலம், நடுக்கோடையின் கடும் வெயிலைக் கழித்தால் இன்னும் குறைவு. அக்டோபர் கடைசியில் கொத்தனாரை அழைக்கும்போதே நான் பாதித் தவறைச் செய்துவிட்டேன் என்பது இதிலிருந்து விளங்கும்.

எல்லாப் பாடத்தையும் பணத்தால் கற்கவில்லை. இதை எழுதுவது எனக்கு எளிதாக இல்லை. அமெரிக்காவில் வீட்டுச் சாயத்தில் ஈயம் சேர்ப்பது 1978இல் தடைசெய்யப்பட்டது. அதற்கு முந்தைய வீடு என்றால் ஈயம் இருப்பதாகவே கொள்ளவேண்டும். எங்கள் வீட்டு ஜன்னல்களில் பதினொரு படிவு சாயம் இருந்தது. 2014 கோடையில், பின்பக்க இரண்டு அறைகளில் நாங்கள் குடியிருந்துகொண்டே முன் அறை ஜன்னல்களைச் சுரண்டினேன். முகமூடி போட்டேன், கதவிடுக்கை நெகிழித்தாளால் ஒட்டினேன், எல்லாம் சரியாகத்தான் செய்கிறேன் என்று நினைத்தேன். ஆனால் மாலையில் வேலை முடிந்ததும் அதே சட்டையோடு போய், இரண்டு வயது மகளைத் தூக்கிக்கொள்வேன். ஆகஸ்டில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் அவளுக்கு ஈயம் ஒரு டெசிலிட்டருக்கு 6 மைக்ரோகிராம் இருந்தது. அப்போது கவனிக்கவேண்டிய அளவாக அரசின் நோய்த்தடுப்பு மையம் வைத்திருந்தது 5. 2021இல் அதை 3.5 ஆகக் குறைத்துவிட்டார்கள். மருத்துவர் பதறவில்லை, நாங்கள் பதறினோம். அன்று இரவே மனைவியும் மகளும் மேரிலாந்திலேயே உள்ள கொலம்பியா நகரில் இருந்த நண்பர் வீட்டுக்குப் போய் மூன்று மாதம் தங்கினார்கள். நான் பயிற்சி வகுப்பு எடுத்தேன். காய்ந்த சாயத்தைச் சுரண்டாமல் நனைத்தே எடுப்பது, நெருப்பும் மிகைச்சூடும் காட்டாதிருப்பது, நுண்தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள தூசுறிஞ்சி, வேலையிடத்திலேயே கழற்றிப் பையில் கட்டும் உடை, குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவது ஆகியவற்றை அங்கே கற்றேன். டிசம்பரில் அளவு 3க்குக் கீழே வந்தது. இன்று யாராவது சிறு குழந்தையோடு இந்தத் திட்டத்தில் சேரலாமா என்று கேட்டால், சேரலாம், ஆனால் ஈய வேலை முடியும்வரை குழந்தை அந்தக் கூரையின்கீழ் இருக்கக்கூடாது, அதற்கான வாடகையைச் செலவுத் திட்டத்தில் இப்போதே எழுதிவையுங்கள் என்று சொல்கிறேன்.

ஜன்னல் வேலைதான் எனக்கு மிகவும் பிடித்துப்போனது என்பதையும் சொல்லவேண்டும். பதினேழு ஜன்னல்கள், ஒவ்வொன்றிலும் மேலும் கீழும் ஆறாறு கண்ணாடி. இரட்டைக் கண்ணாடி போட்ட புதிய ஜன்னலாக மாற்றினால் என்ன என்று வந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். மாற்றக்கூடாது என்பது விதி. மத்திய அரசின் உள்துறை (இங்கே அது தேசியப் பூங்காக்களைப் பார்க்கும் துறை) வகுத்த நெறிகளைத்தான் இங்கே எல்லாத் திட்டங்களும் ஏற்றுக்கொண்டிருக்கின்றன, கெட்டதை மாற்றுவதைவிடப் பழுதுபார். மாற்றியே தீரவேண்டுமானால் பழையதற்கு ஒத்ததாக மாற்று. இல்லாத பழைமையைப் புதிதாகக் கற்பனைசெய்து ஒட்டாதே என்பன அவற்றின் உள்ளடக்கம். விதிக்காக இல்லாவிட்டாலும் மாற்றியிருக்க மாட்டேன். அந்தச் சட்டங்கள் காட்டில் மெதுவாக வளர்ந்த முதிர்ந்த பைன் மரம். ஓர் அங்குலத்துக்குள் எண்ண முடியாத அளவுக்கு நெருக்கமான வளையங்கள். கீழ்க்கட்டை மட்டுமே உளுத்திருந்த சட்டங்களுக்கு அந்தக் கட்டையை மட்டும் புதிதாகச் செய்து பொருத்தினேன். கண்ணாடியைச் சட்டத்தில் பதிக்கும் பசையான பழைய மக்கை நீராவியில் இளக்கி எடுத்து, மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் ஊட்டி, கண்ணாடியைத் திரும்பப் பதித்து, புது மக்கு தோல் கட்டும்வரை இரண்டு வாரம் பொறுத்து, பிறகே சாயம். வெளியே ஒரு தடுப்புக் கண்ணாடி ஜன்னலும் ஓரங்களில் வெண்கலப் பட்டையும் வைத்தபிறகு குளிர்காற்று நின்றது. ஒரு ஜன்னலுக்கு முதலில் நாற்பது மணி நேரம் ஆனது, கடைசி ஜன்னலுக்குப் பதினெட்டு. அந்தக் கண்ணாடிகளில் நாற்பத்தொன்று ஊதிச் செய்த பழைய கண்ணாடி. அதன் வழியே பார்த்தால் ஓடைக்கரை மரங்கள் தலையை அசைத்துக்கொண்டே வளையும்.

சமையலறையில் ஒரு தனிச் சிக்கல். தாளிப்புப் புகை வெளியேற விசிறி வேண்டும். பதினெட்டு அங்குலக் கல்சுவரில் ஓட்டை போட விண்ணப்பித்தால் என்ன பதில் வரும் என்பது கேட்காமலே தெரியும். முடிவில், வீட்டின் பின்புறத்தில் பிற்காலத்தில் ஒட்டிக் கட்டப்பட்ட பலகைச் சாய்ப்புக்குள் அடுப்பை நகர்த்தி, அதன் பலகைச் சுவர் வழியே குழாயை வெளியேற்றினோம். நாளை எங்களுக்குப் பின் வருபவர் குழாயைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு பலகையை மாற்றினால் போதும். திரும்பப் பழையபடி ஆக்கக்கூடியதாக இருக்கவேண்டும் என்ற நெறிக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. கடுகும் காய்ந்த மிளகாயும் மேரிலாந்து அரசின் கட்டடப் பாதுகாப்பு நெறிக்கு உட்பட்டு வெடித்துக்கொண்டிருக்கின்றன.

ஒப்பந்தக் கணக்குக்கு எழுத்துப் பதிவு உயிர்நாடி. ஒரு நோட்டில் தேதி, வேலை, யார் செய்தது, எத்தனை மணி நேரம். ஒவ்வொரு வேலைக்கும் முன், நடு, பின் என்று மூன்று படங்கள். ரசீதுகளை அன்றே ஸ்கேன் செய்துவைத்தல். முதல் எட்டு மாதம் ‘பிறகு எழுதிக்கொள்ளலாம்’ என்று விட்டதில் ஏறத்தாழ முந்நூறு மணி நேர உழைப்பை எங்களால் நிரூபிக்க முடியவில்லை. பிறகு ஒழுங்காக எழுதியதில் ஏழு ஆண்டில் இருவருமாகச் சுமார் நாலாயிரம் மணி நேரம் சேர்ந்தது. வேலைக்கு முன் ஒப்புதல் வாங்குவதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். அரசுக்குச் சொந்தமான வரலாற்றுக் கட்டடத்தில் கைவைப்பது வரலாற்றுக் கட்டடங்களைப் பாதுகாக்கும் மாநில அமைப்பான மேரிலாந்து ஹிஸ்டாரிக்கல் டிரஸ்டின் பார்வைக்கும் போகவேண்டிய விஷயம். எனவே கோடை வேலைக்கான வரைபடங்களை நவம்பரிலேயே அனுப்பிவிட்டுக் குளிர்காலத்தில் உள்வேலை செய்வது என்று எங்கள் ஆண்டு அமைந்துவிட்டது, ஆடியில் விதைக்கச் சித்திரையிலேயே உழுதுவைப்பதைப்போல.

ஆண்டுக்கு மூன்று நாள் வீட்டைப் பொதுமக்களுக்குத் திறந்துவைக்கவேண்டும் என்பதும் எங்கள் நிபந்தனைகளில் ஒன்று. ஆரம்பத்தில் அது ஒரு தொல்லையாகத்தான் தெரிந்தது; படுக்கையறையில் அந்நியர்கள் நடப்பதற்குப் பழக வேண்டியிருந்தது. 2016இல் எண்பது வயது தாண்டிய ஓர் அம்மையார் பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். நாங்கள் விளக்கமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க, அவர் எதையும் கேட்காமல் சமையலறைக்குள் போய், கிழக்குச் சுவரைப் பார்த்து நின்றார். “இங்கே ஒரு கதவு இருந்ததே, எங்கே?” என்றார். அவருடைய அப்பா 1940களில் இந்தப் பண்ணையில் குத்தகைக்காரராக இருந்தவராம். ஊற்றுநீரின் குளிர்ச்சியில் பாலை வைத்திருக்கும் ஊற்றுவீட்டிலிருந்து பால் பாத்திரத்தை அந்தக் கதவு வழியாகத்தான் இவர் தூக்கிவருவாராம். அப்படி ஒரு கதவு எந்த ஆவணத்திலும் இல்லை. அவர் போனபிறகு சுவரைத் தட்டிப் பார்த்தேன், ஓரிடத்தில் ஓசை மாறியது. பூச்சு ஏற்கெனவே உப்பியிருந்த பகுதியை ஒப்புதலோடு திறந்தபோது, உள்ளே ரீப்பர்களுக்குப் பின்னால் முழு மரநிலை நின்றது. இடது நிலைக்கால் உயரத்தில் பாதிவரை, பாத்திரம் இடித்து இடித்து வழுவழுப்பாகக் குழிந்திருந்தது. கதவைத் திறக்கவில்லை. அந்தக் குழிவு தெரியும் அளவுக்கு ஒரு கைப்பிடி அகலத்தை மட்டும் பூசாமல் விட்டிருக்கிறோம்.

அம்மா இங்கே வந்து தங்கியிருந்தபோது, நான் சாரத்தில் நின்று கல்லிடுக்கில் சாந்து நிரப்பும் பாயிண்டிங் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “யார் வீட்டுக்குடா இந்தப் பாடு படறே?” என்று கேட்டார். அரசாங்க வீட்டுக்கு என்றேன். “சாகறவரைக்கும் நாம இருக்கலாம், சரி. அதுக்கப்புறம் பிள்ளைக்கு?” பிள்ளைக்கு இல்லை. எங்களில் கடைசியாக இருப்பவர் போனதும் வீடு அரசுக்குத் திரும்பிவிடும். இதை மகளுக்கு அவள் பத்து வயதிலேயே சொல்லிவிட்டோம். சொந்த வீடு என்ற எண்ணத்தில் பிடிப்பு உள்ளவர்கள் தயவுசெய்து இதில் இறங்கவேண்டாம். அது குறை சொல்வதற்காக அல்ல, ஏழாம் ஆண்டில் அந்த ஏக்கம் கணவன் மனைவிச் சண்டையாக வெளிவரும் என்பதற்காக. எங்களுக்கும் வந்தது. அதே ஆண்டில் நாங்கள் செய்த ஒரு காரியம், வாடகை மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கை மகள் பெயரில் தனியாகச் சேமிக்கத் தொடங்கியது. முதல் ஆண்டிலேயே தொடங்கியிருந்தால் அந்தச் சண்டைகளில் பாதி இருந்திருக்காது.

கெடு முடிந்து, அரசின் பார்வையாளர் வந்து பணி நிறைவு என்று எழுதிக்கொடுத்தது 2019 மே மாதத்தில். ஆனாலும் பராமரிப்பு ஓயவில்லை. தகரக் கூரைக்குச் சாயம், கிணற்று மோட்டார், இந்த ஆண்டு தெற்குப் பக்க ஜன்னல்களின் மக்கு என்று ஆண்டுக்கு ஐயாயிரம் டாலருக்குக் குறையாமல் போகிறது. அந்தக் கொத்தனார் விட்டுச்சென்ற ஆறடிச் சிமெண்டும் வடக்குச் சுவரில் இருந்தது. கல் கடினமானது என்பதால் அது செங்கல்லைப்போல உடனே கெடவில்லை. ஆனால் உள்பக்கம் அதே இடத்தில் பூச்சு ஈரம் கோத்துக்கொண்டே இருக்கிறது. கிரைண்டர் வைத்து அறுத்தால் கல்லின் விளிம்பு போய்விடும் என்பதால் சிறு உளியும் சுத்தியலுமாகக் கையால்தான் எடுக்கவேண்டும், ஒரு மாலையில் ஒரு சாண் நகர்ந்தால் அதிகம். போன ஆண்டு மூன்றடி எடுத்துச் சுண்ணாம்பு வைத்தேன். மீதி மூன்றடிக்கு மணலைச் சலித்து வாளியில் மூடிவைத்திருக்கிறேன். இரவில் இன்னும் இரண்டு டிகிரிதான் இருக்கிறது; ஏப்ரல் பாதி வரட்டும் என்று காத்திருக்கிறேன்.